பேரரசர் முத்திரையில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய்

மரப்பெட்டியின் மூடியைக் கழற்றி, நுரைப்பஞ்சின் மேலடுக்கைத் தூக்கியதும் அது தெரிந்தது. மூன்று விரல் அகலம், ஐந்து விரல் உயரம். தேன் நிறக் கல். உச்சியில் மட்டும் நிறம் வெளுத்து மோர் போலிருந்தது. அந்த வெளுப்பை வீணாக்காமல் மேகமாக்கி, மேகத்துக்குள் ஒரு டிராகனைச் சுருட்டிப் படுக்க வைத்திருந்தார் பெயர் தெரியாத அரண்மனைச் சிற்பி ஒருவர். அடியில் சதுர முகம். அதில் நான்கு சீன எழுத்துகள், கண்ணாடிக்குள் தெரிவதுபோல இடவலம் மாறி. எழுத்துகளின் பள்ளங்களில் சிவப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. சீனத்தின் கடைசி அரச வம்சத்துப் பேரரசர் ஒருவர், தான் வரைந்த ஓவியங்களில் பதித்துக்கொண்ட சொந்த முத்திரை. நான் மூச்சுவிட மறந்து நின்றேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்த ஃபோர்மேன், “மாக்கல்லுங்க மேடம். எங்க பக்கம் இதுல கல்சட்டி பண்ணுவாங்க” என்றார்.

அவர் சொன்னது சரிதான். எனக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான். எத்தனையோ வாரங்களாக அந்த முத்திரையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். அதைப் போய் ஒருவர் சட்டியோடு சேர்த்துவிட்டாரே என்று இருந்தது. துபாய் அல் கூஸில், கண்காட்சிகளுக்கான கலைப்பொருள்களை வரவழைத்து, நிறுத்தி, திருப்பி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். இப்போது அங்கே இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் நிலை அறிக்கை எழுதுவது என் வேலை. வந்திறங்கும்போது எங்கே கீறல், எங்கே விரிசல், எங்கே நிறமாற்றம் என்று எழுதிப் படமெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். திரும்பிப் போகும்போது வந்த நிலையிலேயே போகிறதா என்று கையெழுத்திட வேண்டும். அஜ்மானிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவேன். பஸ்ஸிலேயே பாதி அறிக்கையை எழுதி முடித்திருப்பேன். வேகம்தான் என் பெருமை.

ஃபோர்மேன் சேலத்துப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். வில்லாக்களுக்கு மார்பிள் ஒட்ட வந்தவர். கை நிதானத்தை யாரோ கவனித்து எங்கள் பட்டறைக்கு இழுத்துக்கொண்டார்கள். பொருள்களைத் தாங்கி நிறுத்தும் பித்தளைக் கொக்கிகளைச் செய்வது அவர் வேலை. ‘மவுண்ட்’ என்போம். நல்ல மவுண்ட் கண்ணுக்குத் தெரியக் கூடாது. பொருள் தானே காற்றில் நிற்பதுபோல் இருக்க வேண்டும். இந்த முத்திரைக்கு அவர் செய்தது, ஊசியை விடச் சற்றே தடித்த நாலு பித்தளை விரல்கள். கல்லில் படும் இடமெல்லாம் மெல்லிய தோல் உறை. அடியில் ஒரு கண்ணாடி. குனியாமலே எழுத்துகளைப் பார்க்கலாம். அந்த வருஷம்தான் அவருடைய விசாவில் வேலைப் பெயர் ‘லேபர்’ என்பதிலிருந்து ‘டெக்னீஷியன்’ என்று மாறியிருந்தது. அந்த அட்டையை எல்லோரிடமும் ஒருமுறை காட்டினார். பட்டறைத் தச்சர் பாய்கூட, “அரே, இனிமே உங்களை சார்னு கூப்பிடணுமா?” என்று கேட்டார். “சார் வேண்டாம் பாய், சாயா வாங்கிக் குடுங்க போதும்” என்றார் இவர்.

மவுண்டை ராவிக்கொண்டே அவர் இருக்க, நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பேசித் தள்ளுவேன். அரசாங்க ஆணைகளுக்கான பெரிய முத்திரைகள் பச்சைக்கல்லில் இருக்கும். பச்சைக்கல்லில் கத்தி ஏறாது, மணலும் நீரும் விட்டுச் சக்கரத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் எழுத்தை இறக்க வேண்டும். ஆனால் பேரரசர்கள் ஆசைக்கு வைத்துக்கொண்ட முத்திரைகளில் பல இந்த மாதிரி மென்கல். கத்தி நேரே பாயும். அதனால் சிற்பியின் கைநடுக்கமும் நேரே தெரியும். எழுத்தை முதலில் மெல்லிய தாளில் எழுதி அரசரிடம் காட்டுவார்கள். அவர் சரியென்றால் தாளை ஈரப்படுத்திக் கல்லின் மேல் கவிழ்த்து ஒற்றுவார்கள். மை திரும்பி ஒட்டிக்கொள்ளும். பிறகு சின்ன இரும்புக் கத்தி. ஒரு கோடு தவறினால் ஒட்ட வைக்க முடியாது. முகத்தையே இழைத்துத் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்ல, அவர் அரத்தை நிறுத்தாமலே, “தாளை ராஜா பாத்தாரு, சரி. கல்லை யாருங்க பாத்தாங்க?” என்று கேட்டார். நான் படித்த எதிலும் அது இல்லை.

கல்லை அவர்தான் பார்த்தார். கண்காட்சி தொடங்கிய இரண்டாவது வாரம், விளக்கைச் சரிசெய்யப் போனவர் என்னைக் கூப்பிட்டார். “மேடம், அந்த மேகம் இந்த எடத்துல மட்டும் எதுக்கு ரெண்டு சுத்து சுத்துதுன்னு பாருங்க. அழகுக்கு இல்ல. உள்ளாற ஒரு நரம்பு ஓடுது. அதை மறைக்கத்தான் செஞ்சவரு மேகத்தை மடிச்சு விட்டிருக்காரு. மடிப்புக்குள்ள ஒரு வெள்ளை நூலு தெரியுதுங்களா?” தெரிந்தது. வந்திறங்கிய அன்றே அந்த விரிசல் இருந்தது, அறிக்கையில் இருக்கிறது என்றேன். ஆனால் மேக மடிப்பு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்த வாரமே பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டும்போது அதைச் சொன்னேன், நானே கண்டுபிடித்ததுபோல. யார் சொன்னது என்று சொல்லவில்லை.

இரண்டாவது முறை சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. “கல்லு தாகமா இருக்குதுங்க. ஏசி உறிஞ்சுது. நூலு நீளுற மாதிரி இருக்குது.”

“கல்லுக்குத் தாகமா? மாதுளை ஜூஸ் வாங்கிக் குடுப்போமாண்ணா?”

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியபின்னும் கண்ணாடிக் கூண்டின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது முறை என் மேசைக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் ஊரில் புதுக் கல்சட்டியை நேரே அடுப்பில் ஏற்ற மாட்டார்களாம். விளக்கெண்ணெய் தடவி, ஊற விட்டு, கஞ்சித்தண்ணீர் ஊற்றி, பழக்கித்தான் தீயைக் காட்டுவார்களாம். இல்லாவிட்டால் நரம்போடு விரிந்துவிடுமாம். “இந்தக் கல்லுக்கும் கொஞ்சம் எண்ணெய் காட்டணுங்க. சீனாக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.” நான் வாராவாரம் எடுத்த படங்களைத் திரையில் வரிசையாக ஓட்டிக் காட்டினேன். “பாருங்கண்ணா, ஒரு மாற்றமும் இல்ல.” அவர் வெகுநேரம் பார்த்தார். “போட்டோ நல்லாத்தானுங்க இருக்குது” என்றார். “நீங்க கல்லைப் பாருங்க.” எனக்கு அன்று முடிக்க வேண்டிய அறிக்கைகள் ஆறு இருந்தன.

இத்தனைக்கும் அப்போது அவர் மனம் வேறொரு மகிழ்ச்சியில் இருந்தது. பள்ளி விடுமுறைக்கு மனைவியையும் மகளையும் விசிட் விசாவில் அழைத்து வர ஏற்பாடு செய்திருந்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. இரண்டு வாரத்துக்கு பர் துபாயில் ஒரு தெரிந்தவரின் ஃபிளாட்டில் அறை. மகள் எட்டாம் வகுப்பு. “பாப்பா” என்றுதான் சொல்வார். பாப்பாவுக்கு உயரமான கட்டடம் பார்க்க வேண்டுமாம், ஒட்டகம் பார்க்க வேண்டுமாம். “எல்லாம் அப்புறம். மொதல்ல இங்கதான் கூட்டிட்டு வருவேன். உங்கப்பன் நிறுத்தின கல்லு இது, சீன ராஜாவோடதுன்னு காட்டணும்” என்பார். நுழைவுச் சீட்டு நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

அவர்கள் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் இருக்கும்போது, காட்சிக்கூடம் மூடியிருக்கும் வாராந்தர நாளில், மவுண்டின் ஒரு விரல் தளர்ந்திருந்ததை இறுக்கக் கண்ணாடிக் கூண்டைத் திறந்தோம். திறக்கும்போது அறிக்கைக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தேன். விமான சரக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே கூடத்தில் இங்குமங்கும் நடந்தேன். அவர் வேலையை முடித்தார், பூட்டினோம், போனோம். எனக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை சரிபார்க்கப் போனால், மேகத்தின் மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு. எண்ணெய்! எனக்குக் காதெல்லாம் சூடேறியது. டார்ச்சைத் தாழப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழ, பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அத்தனை கவனமாக நான் படமெடுத்தது அந்தக் கண்காட்சியிலேயே அன்றுதான். மேசைக்கு ஓடினேன். ‘அடையாளம் தெரியாத எண்ணெய்ப் பொருள். வேண்டுமென்றே செய்யப்பட்டதாகச் சந்தேகம்.’ முத்திரைக்குச் சொந்தமான சீன நிறுவனம், காப்பீட்டுக்காரர்கள், எங்கள் மேனேஜர், மேனேஜருக்கு மேலுள்ளவர் என்று எல்லோருக்கும் அனுப்பினேன். கண்டதிலிருந்து அனுப்பியது வரை பத்து நிமிடம். இவ்வளவு வேகமாக யார் செய்திருப்பார்கள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. என் மேசையிலிருந்து பட்டறைக் கதவுக்கு முப்பது அடி தூரம். அந்த முப்பது அடியை நான் நடக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஃபோர்மேனே வந்தார், கையில் இரண்டு கரக் சாயா. ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, முகமெல்லாம் ஆவலாக, “நூலு நின்னிருச்சான்னு பாத்தீங்களா மேடம்? நேத்து ஒரு சொட்டு விளக்கெண்ணெய் வச்சேன்” என்றார்.

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டார். “அனுப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். மேசையில் வைத்த சாயாவை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். அது ஆறி ஆடை கட்டும்வரை அங்கேயே இருந்தது.

விசாரணை மேனேஜரின் கேபினில், நானும் நிற்க, ஐந்தே நிமிடம் நடந்தது. வேலையிடத்தில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில்தான் கேள்வியும் பதிலும். “மேனே லகாயா, சாப். ஏக் பூந்த்.” நான்தான் வைத்தேன், ஒரே ஒரு சொட்டு. “கிஸ்னே போலா?” யார் சொல்லி வைத்தாய் என்று மேனேஜர் கேட்டார். ஃபோர்மேன் மூலையிலிருந்த தண்ணீர்க் கேனைப் பார்த்தார். “கோயி நஹி, சாப்.” யாருமில்லை. மேனேஜர் பேனாவை மூடினார். “கலாஸ்.” முடிந்தது. காப்பீட்டுக்காரர்கள் வரை போய்விட்ட விஷயத்தில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அது உண்மையும்கூட. ஃபோர்மேனின் விசா ரத்தானது. அவர் பெயரில் போட்டிருந்த மனைவி, மகளின் விசிட் விசாக்களும் அதோடு போயின. கடைசி நாள் பட்டறையில் அரங்களைத் துடைத்து அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். “பாப்பாகிட்ட நானே வர்றேன்னு சொல்லிட்டேங்க. குதிக்குது” என்றார், என்னைப் பார்க்காமல். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். “பத்திரமா போங்கண்ணா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கண்காட்சி முடிந்ததும் முத்திரையை எடுத்துப்போகச் சீன நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பெட்டியோடு வந்து, பிரித்து எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவரும் அவரே. கையுறையோடு முத்திரையை எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்ன எண்ணெய் என்று கேட்டார். போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். ஓசையில்லாமல் சிரித்தார். பிறகு முத்திரையைக் கவிழ்த்து, எழுத்துப் பள்ளங்களிலிருந்த சிவப்பைக் காட்டினார். அது சாதிலிங்கப் பொடியும் ஒரு மூலிகை நாரும் எண்ணெயும் சேர்த்து இடித்த குழம்பாம். அந்த எண்ணெய் பெரும்பாலும் விளக்கெண்ணெய்தானாம். இந்த வகைக் கல்லுக்கு எண்ணெய் காட்டி வைப்பது அவர்கள் நாட்டிலும் பழைய வழக்கம்தானாம். நான் நிம்மதியாக மூச்சுவிடப் போனேன், அவர் விடவில்லை. “அதற்காக, கேட்காமல் தொட்டது சரி என்றாகாது” என்றார். “ஆனால் நீங்கள் எல்லோருக்கும் எழுதுமுன் என்னை ஒருமுறை அழைத்திருந்தால், நான் ஒரே வரியில் முடித்திருப்பேன்.”

வழியனுப்பும் அறிக்கைக்காக, வந்திறங்கிய அன்று பிடித்த அதே கோணத்தில் அவர் விளக்கைப் பிடித்தார். இடது பக்கமிருந்து, மிகத் தாழ. நான் படமெடுத்து, பழைய படத்தை அருகில் வைத்தேன். வெள்ளை நூல் ஒரு மேகச் சுருளைத் தாண்டி அடுத்த சுருளுக்குள் போயிருந்தது. வாராவாரம் நான் எடுத்த படங்களைத் திறந்தேன். எல்லாம் கூண்டின் மேல்விளக்கில், அவசரத்தில் எடுத்தவை. அந்த வெளிச்சத்தில் மடிப்புக்குள் எதுவும் தெரியாது. ஃபோர்மேனின் வேலையைப் பறித்த பன்னிரண்டு படங்களை எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த அவற்றில் மட்டும் நூல் தெளிவாக இருந்தது. இன்று எவ்வளவோ, அன்றும் அவ்வளவே. ஆகவே கல் விரிந்தது எண்ணெய்க்கு முன்னால்தான். எண்ணெய்க்குப் பின் நகரவில்லை. எண்ணெய்தான் நிறுத்தியதா, தானாக நின்றதா என்று அந்த அம்மையாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஃபோர்மேன் மூன்று முறை சொன்னபோதும் விரிசல் நீண்டுகொண்டுதான் இருந்திருக்கிறது.

அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு: வந்தபோதிருந்த நிலைதானா, மாற்றம் உண்டா? மேனேஜர் என் தோளருகே குனிந்து, “ஒரு நூல் அளவு. நீ எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்? யல்லா, சீக்கிரம், ஃபிளைட் இருக்கிறது” என்றார். அம்மையார் பேனாவோடு எதிரே நின்று என்னையே பார்த்தார். மாற்றம் உண்டு என்று எழுதினேன். எங்கள் ஃபோர்மேன் மூன்று முறை எச்சரித்ததாகவும், நான் கேட்கவில்லை என்றும், என் முந்தைய அறிக்கையில் ‘வேண்டுமென்றே’ என்ற சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்றும் எழுதினேன். கூண்டின் ஈரப்பதத்துக்கு எங்கள் நிறுவனமே பொறுப்பு. அதனால் மறுநாளே என்னை அறிக்கை வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ண அனுப்பினார்கள். ஃபோர்மேனைத் திரும்ப அழைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ரத்தானது ரத்தானதுதான் என்றார்கள்.

அறிக்கையின் பிரதியை அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம், ஒரு சின்னப் பெண் சிரிக்கும் சத்தம். “பாப்பா படிச்சுக் காட்டுச்சுங்க மேடம். நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு தப்பு. மூணு தடவை இல்லீங்க, நாலு தடவை. கூண்டைத் தொறந்தோமே, அன்னைக்கு ஒரு சொட்டு வச்சிரட்டுங்களான்னு கேட்டேன். நீங்க போன்ல இருந்தீங்க. தலையை ஆட்டுனீங்க. சரின்னு வச்சேன்.”

கிடங்கில், பாதி எண்ணிய பெட்டிகளுக்கு நடுவே, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் தலையாட்டியது எனக்கு நினைவில்லை. ஆட்டியிருப்பேன். போனில் பேசும்போது யார் எது கேட்டாலும் ஆட்டுவேன். வீட்டில் அம்மா அதற்காகத் திட்டாத நாளில்லை. யார் சொல்லி வைத்தாய் என்று மேனேஜர் கேட்டபோது அந்த மனிதர் தண்ணீர்க் கேனைப் பார்த்துக்கொண்டு யாருமில்லை என்றதும், நான் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றதும் நினைவுக்கு வந்தன. அவரை அழைத்தேன்.

“ஏண்ணா அன்னைக்கே சொல்லல?”

“சொல்லி?” என்றார். “எனக்குத் திரும்பிப் போக ஒரு ஊரு இருக்குதுங்க. நீங்க பொறந்ததே அங்கதானுங்களே. உங்களை கேன்சல் பண்ணிட்டாங்கன்னா நீங்க எந்த ஊருக்குப் போவீங்க?”

ஷார்ஜாவில் பிறந்தவள் நான்; பிறந்தாலும் இங்கே எனக்கும் விசாதான். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊரை ஏழெட்டு முறை விருந்தாளியாகப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டதை அதுவரை எனக்கு நானே கேட்டுக்கொள்ளத் துணிந்ததில்லை. கல் பார்க்கிறவர் அதையும் பார்த்து வைத்திருக்கிறார்.

“நீங்க கேட்டீங்க, நான் தலையாட்டினேன்னு எல்லாருக்கும் எழுதி அனுப்பப் போறேண்ணா. எழுதட்டுமா?”

பின்னால் ஓடிய மோட்டாரை நிறுத்தினார்.

“எழுதுங்க” என்றார். “மெதுவா எழுதுங்க மேடம்.”

நாலே வரி. காலையில் உட்கார்ந்தேன், எழுதி, அழித்து, எழுதி, அனுப்பும்போது மதியத் தொழுகைக்கு அழைப்பு வந்துவிட்டது.